கொழும்புப் பயிலரங்குக்கு வருகிறவர்கள் ஊரைப் பற்றிக் கேட்கும் கேள்விகள்

மழை, வெள்ளம், கரையோர நிலம் பற்றிய எங்கள் பயிலரங்கு ஒக்டோபர் கடைசியில் கொழும்பில் நடக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், தமிழ்நாடு என்று பல பக்கமிருந்தும் வருகிறீர்கள். பதிவு, தங்குமிடம், நிகழ்ச்சி நிரல் எல்லாம் உங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் இருக்கின்றன. இந்தப் பக்கம் அவற்றைப் பற்றியதல்ல. "ஊர் எப்படி, அதன் வரலாறு என்ன, வெள்ளம் ஏன் வருகிறது, நேரம் கிடைத்தால் எங்கே போகலாம்" என்று வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்காக உள்ளூர்க் குழுவிலிருந்து எழுதுகிறேன். சில பதில்கள் நீளும். கேள்வி அப்படி.

வெள்ளம் பற்றிய பயிலரங்கை ஏன் கொழும்பில் வைக்கிறீர்கள்?

களனி கங்கை இங்கே முடிகிறது என்பதால். சிவனொளிபாத மலைப் பக்கத்தில் ஊற்றெடுத்து, சுமார் 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்பின் வட எல்லையில் முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. மேலே வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. கீழே நிலம் கிட்டத்தட்டத் தட்டை. தேயிலைத் தோட்டத்து லயத்துக் கூரையில் விழுந்த மழை, ஒன்று இரண்டு நாளில் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீட்டுக்குள் வந்து நிற்கும். ஆற்றின் தலைமாட்டில் மலையகத் தமிழர், கால்மாட்டில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புளூமெண்டல் பக்கத் தமிழரும் முஸ்லிம்களும். ஆகவே வெள்ள எச்சரிக்கையைத் தமிழில், படித்தவுடன் விளங்கும்படி எழுதுவது எங்கள் அமர்வுகளில் ஒன்று. அலங்காரத்துக்காக அதைச் சேர்க்கவில்லை.

முதல் நாள் மாலை உங்களை நாகலகம் தெருவுக்குக் கூட்டிப்போவோம். களனியின் கரையில் உள்ள நீர்மட்ட அளவுகோல் அங்கேதான். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிக்கையில் மற்ற நிலையங்கள் மீற்றரில் இருக்கும். நாகலகம் தெரு மட்டும் அடிக் கணக்கில். 4 அடி என்றால் விழிப்பு, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். 1947 ஓகஸ்டில் 12 அடியைத் தாண்டியது. 2016 மே மாதம் 7 அடியைத் தாண்டியபோது கொலன்னாவைப் பக்கம் வள்ளத்தில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனார்கள். பெருநகரங்கள் சிலவற்றில் ஐந்து அடி தண்ணீர் ஒரு செய்தியே அல்ல. இங்கே ஆற்றுக்கும் தெருவுக்கும் உள்ள உயர வித்தியாசமே அவ்வளவுதான் என்பதால் ஒவ்வோர் அடிக்கும் தனி அர்த்தம் உண்டு. அட்டவணையைக் கணினியில் ஏற்றும்போது அலகைப் பார்த்து ஏற்றுங்கள்.

பிரித்தானியர் காலத்தில் கட்டிய வெள்ளத் தடுப்பு அணைகளுக்கு உள்ளே இருப்பவர்கள் ஓரளவு தப்புவார்கள். அணைக்கும் ஆற்றுக்கும் இடையில் வீடு கட்டியவர்கள்தான் முதலில் நனைவார்கள். வரைபடத்தில் இரு பக்கமும் "கொழும்பு" என்றே எழுதியிருக்கும்.

கொழும்பு தலைநகரமா, இல்லையா?

சட்டப்படி ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே. 1982 முதல் பாராளுமன்றம் அங்கே, தியவன்னா ஓயா நடுவில், ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கட்டடத்தில். மற்றபடி வியாபாரம், துறைமுகம், வங்கி, பெரும்பாலான அலுவலகங்கள் எல்லாம் கொழும்பில். கோட்டே கொழும்போடு ஒட்டியே கிடக்கிறது. பஸ்ஸில் போகும்போது எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியாது.

ஆனால் கோட்டே பழைய இராசதானி. சதுப்பு நிலமும் நீரும் சூழ்ந்த மேடு என்பதால் அதைத் தேர்ந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு அங்கிருந்துதான் ஆண்டான். அவன் அனுப்பிய சப்புமல் குமாரயா, அதாவது நம் ஆட்கள் செண்பகப் பெருமாள் என்று சொல்லும் அந்த இளவரசன், 1450ஐ ஒட்டி யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தான். நல்லூர்க் கோயிலோடு அவன் பெயரைச் சேர்த்துச் சொல்லும் மரபு யாழ்ப்பாணத்தில் இன்றும் உண்டு. நல்லூர்க் கட்டியத்தில், அதாவது கோயிலில் உரக்கச் சொல்லும் புகழுரையில், கேட்ட பெயருக்குரியவன் எங்கிருந்து புறப்பட்டான் என்று பார்க்க விரும்பும் யாழ்ப்பாணத்தார் கோட்டேயில் ஒரு சுற்றுப் போகலாம். மிச்சம் அதிகமில்லை; அகழியின் அடையாளமும் மதில் துண்டுகளும் உண்டு.

மண் எப்படி? பாறை உண்டா?

யாழ்ப்பாணத்தார் பழகிய சுண்ணாம்புக்கல் இங்கே இல்லை. அடியில் மிகப் பழைய உருமாறிய பாறை. புவியியலாளர் அதை வன்னித் தொகுதியில் சேர்ப்பார்கள். மேலே சிவந்த கபுக் கல். ஈரமாக இருக்கும்போது கத்தியால் வெட்டலாம், வெயிலில் காய்ந்தால் இறுகிவிடும். பழைய வீடுகளின் சுவர்களில் சாந்து உதிர்ந்த இடத்தில் அதன் துளைகள் தெரியும். தாழ்ந்த இடங்களில் கரிச்சேறு. அங்கே கட்டிய வீடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

கொழும்புத் துறைமுகம் இயற்கைத் துறைமுகமா?

இல்லை. இதைக் கேட்டால் திருகோணமலைக்காரருக்குச் சிரிப்பு வரும். இயற்கைத் துறைமுகம் அவர்களிடம்தான் இருக்கிறது. கொழும்பில் இருந்தது ஒரு சிறு வளைகுடா, தெற்கே ஒரு பாறை மூக்கு, அவ்வளவே. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் கிளம்பினால் செப்டெம்பர் வரை அலை நேரே உள்ளே வரும். அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி நீராவிக் கப்பல்கள் தெற்கே காலி நகரில்தான் நின்றன.

கதையை மாற்றியது ஓர் அலைதாங்கி. சேர் ஜோன் கூட் வடிவமைத்தார். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பிற்காலத்து ஏழாம் எட்வர்ட் மன்னர், அடிக்கல் வைத்தார். 1885இல் தென்மேற்கு அலைதாங்கி முடிந்தது. சுயஸ் கால்வாய் 1869இல் திறந்திருந்ததால் கப்பல் போக்குவரத்து பெருகிக்கொண்டிருந்த நேரம். மலையகத்துக் கோப்பி, பிறகு தேயிலை, 1860களில் தொடங்கிய ரயிலில் இறங்கி வந்தது. காலி ஓய்ந்தது, கொழும்பு எழும்பியது. கற்களை அடுக்கி ஒரு பருவக்காற்றைத் தடுத்ததில் ஒரு நாட்டின் வர்த்தகம் முழுவதும் இடம் மாறியது. கரையோரப் பொறியியல் படிப்பவர்கள் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

இப்போது அதற்குத் தெற்கே 269 ஹெக்டேயர் கடலை நிரப்பித் துறைமுக நகரம் எழும்பியிருக்கிறது. அது கடலோட்டத்தையும் மணலையும் என்ன செய்யும் என்பதைப் பற்றி இரண்டாம் நாள் விவாதம் உண்டு. சண்டையும் வரலாம். வரட்டும்.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர்: சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பாடப்புத்தகத்துச் சுருக்கம் எல்லாருக்கும் தெரியும்: 1505இல் போர்த்துக்கேயர், 1656இல் ஒல்லாந்தர், 1796இல் ஆங்கிலேயர். 1344இல் வந்த மொரோக்கோப் பயணி இப்னு பத்தூதாவும் இந்தப் பட்டினத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் முன்பிருந்தே முஸ்லிம் வணிகர்கள் இங்கே கறுவா ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நமக்குச் சுவையானது, ஒவ்வொருவரும் தண்ணீரை என்ன செய்தார்கள் என்பது. போர்த்துக்கேயர் ஓர் ஓடையை மறித்துக் கோட்டைக்குப் பின்னால் நீரைத் தேக்கினார்கள். பகைவன் தரைவழியாக வந்தால் தண்ணீரில் நிற்கட்டும் என்று. அதுதான் இன்றைய பேரே வாவி. 1587–88இல் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கொழும்பை முற்றுகையிட்டபோது, மதிலை உடைப்பதற்கு முன் வாய்க்கால் வெட்டி இந்த வாவியின் நீரை வடித்தான். அப்படியும் கோட்டை விழவில்லை என்பது வேறு கதை. ஒல்லாந்தர் ஏழு மாத முற்றுகைக்குப் பிறகு கோட்டையைப் பிடித்தார்கள். பிடித்ததும் தங்கள் நாட்டுப் பழக்கப்படி வாய்க்கால் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆங்கிலேயர் 1802ஐ அடுத்து ஹமில்டன் வாய்க்காலை வெட்டினார்கள், 1869ஐ ஒட்டிக் கோட்டை மதிலையே இடித்தார்கள். பேரே வாவியை எல்லாரும் சேர்ந்து நிரப்பினார்கள். ஒரு காலத்தில் 165 ஹெக்டேயர் இருந்த வாவி இன்று சுமார் 65.

கட்டுநாயக்கவில் விமானம் இறங்கி அதிவேக வீதியில் வருபவர்கள் இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்துக்கொண்டு வாருங்கள். முத்துராஜவெல சதுப்பு அது. கோட்டே மன்னர் காலத்தில் நெல் விளைந்த நிலம். வெளியார் வெட்டிய வாய்க்கால் வழியே உப்புநீர் ஏறியது, வயல் போனது. வாய்க்கால் வெட்டியவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள், உப்பு மட்டும் நின்றுவிட்டது.

ஒக்டோபரில் மழை பெய்யுமா?

பெய்யும். அதற்காகத்தான் அந்த மாதம். கொழும்புக்கு ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. மே மாதத்தில் ஓர் உச்சம், ஒக்டோபர்–நவம்பரில் இன்னோர் உச்சம். இரண்டாவது, பருவக்காற்று மாறும் இடைக்காலத்து மழை. காலையில் வெயில் சுட்டெரிக்கும், பின்னேரம் மூன்று மணிக்குக் கிழக்கே கறுக்கும், நான்கு மணிக்கு இடியோடு கொட்டும். மாலை அமர்வுக்கு ஓட்டோவில் வருபவர்கள் அரை மணித்தியாலம் முன்னதாகக் கிளம்புங்கள்.

சில நாட்கள் மழை கணக்கை மீறும். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் 490 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் பெய்யும் மழையில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் அது. 2010 நவம்பர் 10–11இல் 440 மில்லிமீற்றர் அளவில் பெய்து, பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. சதுப்பு நடுவில் மன்றம் கட்டினால் உறுப்பினர்களுக்கும் கள அனுபவம் கிடைக்கத்தானே செய்யும்.

கவனியுங்கள்: இந்த இரண்டு வெள்ளமும் களனி பெருகி வந்தவை அல்ல. ஊருக்குள் பெய்த மழை கடலுக்குப் போக வழியில்லாமல் நின்றது. ஆற்று வெள்ளம், நகர வெள்ளம் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் செய்தித்தாளிலும் கொள்கை அறிக்கையிலும் பெரிய குழப்பம் நடக்கிறது. ஒன்றுக்கு அணை மருந்து. மற்றதற்கு அணை கட்டினால் நோய் கூடும்.

அப்படியானால் மழைநீர் எங்கே போக வேண்டும்?

சதுப்புக்குள். கொழும்பைச் சுற்றி இன்னும் மிஞ்சியிருக்கும் ஈரநிலங்கள்தான் மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுகின்றன. 2018இல், ஈரநிலங்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட ராம்சார் உடன்படிக்கையின் கீழ் "ஈரநில நகரம்" என்ற அங்கீகாரம் முதன்முதலில் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. தலவத்துகொடைக்குக் கிட்டவும் பெத்தகானையிலும் ஈரநிலப் பூங்காக்கள் இருக்கின்றன. மூன்றாம் நாள் காலை பெத்தகானைக்குப் போகிறோம். நீர் உடும்பு நிச்சயம் தெரியும். நீர்நாய், மீன்பிடிப் பூனை தெரிந்தால் அது உங்கள் யோகம். இவ்வளவு பெரிய நகரத்துக்குள் மீன்பிடிப் பூனை வாழ்கிறது என்பதை வெளியூர் விலங்கியலாளர்கள் நம்பவே மாட்டார்கள்.

விருதைப் பற்றி மட்டும் சொன்னால் பாதிதான். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள், மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் குப்பையைக் கொட்டியது தாழ்ந்த ஈர நிலத்தில். பல ஆண்டுகளாக நகரத்தின் குப்பைக்கும் நகரத்தின் ஏழைகளுக்கும் ஒரே இடத்தைத்தான் ஒதுக்கினார்கள். ராம்சார் சான்றிதழைக் காட்டும் விளக்கப்படத்துக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லையின் படத்தையும் போட வேண்டும் என்பது என் கட்சி. குழுவில் எல்லாரும் இதற்கு உடன்படவில்லை.

குடிதண்ணீர்?

போத்தல் வாங்கத் தேவையில்லை, கொதிக்க வைத்துக் குடித்தால் போதும். பெரும்பகுதித் தண்ணீர் அதே களனியிலிருந்துதான், அம்பத்தளை நிலையத்தில் எடுக்கிறார்கள். மணல் அள்ளி அள்ளி ஆற்றின் அடி தாழ்ந்துவிட்டதால், வரட்சிக் காலத்தில் கடல்நீர் ஆற்றின் அடியால் மேலேறி அம்பத்தளை வரை எட்டிப்பார்க்கும். அப்படியான காலங்களில் ஆற்றின் குறுக்கே மணல் மூட்டை அடுக்கி உப்பைத் தடுத்திருக்கிறார்கள். ஒரே ஆறு, மே மாதத்தில் மிகை, பெப்ரவரியில் உப்பு.

கொழும்பில் தமிழர் வரலாறு எங்கே தொடங்குகிறது?

எங்கே தொடங்குகிறது என்று சொல்வதைவிட, எங்கே கண்ணால் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

கறுவாத்தோட்டம் என்ற பகுதியில் தேசிய அரும்பொருட்காட்சியகம் இருக்கிறது. ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில், 1877இல் திறந்தது. அங்கே ஒரு கல்வெட்டு: சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409 எனத் திகதியிட்டது, 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு, தமிழ்ப் பகுதி தென்னாவரம் என்ற தெவிநுவரைப் பெருமாளுக்கு. அறுநூறு ஆண்டுக்கு முன்பு, தென்னிலங்கைக் கரையில் வணிகம் செய்ய வந்த ஒரு சீனன் எந்தெந்த மொழியில் கல் வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். எழுத்து தேய்ந்துபோயிருக்கும், விளக்கு மங்கல். பொறுமையாக நில்லுங்கள், சில எழுத்துக்கள் பிடிபடும்.

புறக்கோட்டையைத் தாண்டினால் செட்டியார் தெரு. இப்போது நகைக் கடை வரிசை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியாபாரிகளுக்கும் தோட்டக்காரருக்கும் கடன் கொடுத்து வட்டி வாங்கிய தெரு அது. அங்குள்ள கதிரேசன் கோயில்களிலிருந்து ஆடி மாதத்தில் வேல் புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குப் போகும். கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டியது. வெளியே அவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே கால் குளிரும். அதற்குக் கிட்டவே புனித அந்தோனியார் ஆலயம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த ஆலயங்களில் ஒன்று. இன்றும் செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் நிற்பார்கள்.

1956, 1983 பற்றியெல்லாம் இந்தப் பக்கத்தில் எழுத வேண்டுமா?

ஒருவர் இப்படியே கேட்டார். வேண்டும். காலிமுகத்திடலில் மாலைக் காற்று வாங்கப் போகும் எல்லாரும், 1956 ஜூன் 5ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்கிய திடல் அதுதான் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. 1983 ஜூலையில் பொரளையில் தொடங்கிய, தமிழருக்கு எதிரான வன்முறைத் தீ வெள்ளவத்தை வரை வந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடினார்கள். முகாமில் ஒதுங்கியவர்களைக் கப்பலேற்றி வடக்குக்கு அனுப்பினார்கள். 2007 ஜூனில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிசார் பஸ்ஸில் ஏற்றி ஊரை விட்டு அனுப்ப, உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. இவ்வளவுக்கும் பிறகு வெள்ளவத்தை இன்று தொடர்மாடிகளாலும் மரக்கறிக் கடைகளாலும் தமிழ்ப் பேச்சாலும் நிறைந்திருக்கிறது. 2022இல் அதே காலிமுகத்திடலில் கூடாரம் அடித்த இளைஞர்கள் ஒரு சனாதிபதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளத்தின்போது யார் எங்கே ஒதுங்கத் தயங்குகிறார்கள், எந்த அரச அறிவிப்பை யார் நம்புகிறார்கள் என்பதற்கெல்லாம் இந்த வரலாற்றோடு சம்பந்தம் உண்டு. இடர் முகாமைத்துவம் படிப்பவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது.

கொழும்பில் விஞ்ஞானத்துக்கு என்ன பாரம்பரியம்?

மருத்துவக் கல்லூரி 1870. வானிலை அவதான நிலையம் 1907, புல்லர்ஸ் வீதியில், இப்போது பௌத்தாலோக மாவத்தை. வளிமண்டலவியல் திணைக்களம் இன்றும் அங்கேதான். பல்கலைக்கழகக் கல்லூரி 1921, இலங்கைப் பல்கலைக்கழகம் 1942. பல்கலைக்கழகம் வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இயக்கம் நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவரை அரசியல்வாதியாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். 1901 குடிசன மதிப்பீட்டை நடத்தி அறிக்கை எழுதியவரும் அவரே. தரவோடு வேலை செய்பவர்கள் அவரைத் தங்கள் ஆளாகவும் சொந்தம் கொண்டாடலாம்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியல் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் இருந்தவர் ஏ. டபிள்யூ. மயில்வாகனம். கணிதத்தில் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர்; கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் படித்து வந்து கொழும்பில் பேராசிரியரானவர், பின்னர் மலாயாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனார். இப்படிப் போனவர்களின் பட்டியல் நீளம். ஏன் போனார்கள் என்பதற்கு முந்திய கேள்வியைத் திருப்பிப் படியுங்கள்.

1955 ஜூன் 20ஆம் திகதி முழுச் சூரிய கிரகணம் இலங்கைக்கு மேலாகப் போனது. அந்த நூற்றாண்டிலேயே நீளமானது. வெளிநாட்டுக் குழுக்கள் கருவிகளோடு வந்தன. தென்மேற்குப் பருவ மேகம் பலருக்குக் காட்சியை மறைத்துவிட்டது. ஜூனில் இலங்கை வானத்தை நம்பிக் கப்பலேறியவர்களுக்காக நம் வானிலையாளர்கள் இன்றும் பரிதாபப்படுவார்கள். அடுத்த ஆண்டு வந்து குடியேறிய விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 2008இல் இறக்கும் வரை கொழும்பிலேயே இருந்தார். அவர் பெயரில் மொறட்டுவை கட்டுபெத்தையில் ஒரு தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

பழைய மழைத் தரவைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியது?

கடிகாரம். 1996 மே மாதத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி இந்திய நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே ஓடின. அந்தப் பத்து ஆண்டுத் தரவில் "காலை 8.30" என்று இருந்தால், எந்த 8.30 என்று கேட்க வேண்டும். மணிக்கணக்கு மழைத் தரவை இரு இடங்களுக்கிடையே ஒப்பிடுபவர்களுக்கு இது தலைவலி.

கையில் ஜிபிஎஸ் கருவி கொண்டுவரலாமா? கடற்கரையில் உயரம் தப்பாகக் காட்டுகிறதே?

கொண்டுவாருங்கள். தப்பல்ல. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைந்த பெரும் பள்ளம் இருக்கிறது. அங்கே சராசரிக் கடல் மட்டம், பூமிக்கு நாம் வரைந்த கணித வடிவத்தைவிட 100 மீற்றருக்கு மேல் தாழ்வு. கொழும்பு அதன் விளிம்பில். திருத்தம் போடாத கருவியோடு காலிமுகத்திடலில் நின்றால் உயரம் மைனஸ் 90 மீற்றருக்கும் கீழே காட்டும். வெள்ள வரைபடம் போடும் அமர்வில் இதற்கான திருத்தத்தைக் கற்றுத்தருகிறோம்.

கடலில் குளிக்கலாமா?

காலிமுகத்திடலில் காலை நனைக்கலாம். நீந்துவதென்றால் கல்கிசைக்குப் போங்கள், ஊர்க்காரரைக் கேட்டு இறங்குங்கள். வற்றுப்பெருக்கு இங்கே ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் கடல் சாதுவாகத் தெரியும். இழுப்பு அப்படியல்ல.

தமிழ் மட்டும் தெரிந்தால் சமாளிக்கலாமா?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, மருதானைப் பக்கமெல்லாம் தாராளமாக. மாநகர எல்லைக்குள் தமிழரும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் பெருந்தொகை. பஸ் நடத்துநர்கள் பலருக்கு எண்ணாவது தமிழில் தெரியும். பெயர்கள்தான் புதியவர்களைக் குழப்பும்: ஓட்டோக்காரரிடம் "கறுவாத்தோட்டம்" என்றால் அவர் விழிக்கலாம், "கொழும்பு ஏழு" என்றால் உடனே எடுப்பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் வந்தால் எங்கே இறங்குவது?

கோட்டை நிலையம். 1990இல் நின்ற வடக்கு ரயில் 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணத்தை அடைந்தது. கோட்டையில் இறங்கிக் கரையோரப் பாதை ரயிலுக்கு மாறினால் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வரை கடலை ஒட்டியே போகலாம். காலை ஏழரைக்குப் பிறகு ஏறினால் கடலுக்குப் பதில் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். பஸ் என்றால் காலி வீதியில் 100, 101.

பயிலரங்கு நாட்களில் ஒன்று போயா தினமாமே?

ஆம், பூரணை விடுமுறை. இறைச்சிக் கடை, மதுக்கடை பூட்டியிருக்கும், அரச அலுவலகங்கள் இயங்கா. எங்கள் அமர்வுகள் வழக்கம்போல நடக்கும். சைவச் சாப்பாட்டுக்காரருக்கு எந்த நாளும் கவலையில்லை.

மழை பெய்தால் களப் பயணம் நிற்குமா?

சாதாரண மழைக்கு நிற்காது. வளிமண்டலவியல் திணைக்களம் கடும் மழை அல்லது மின்னல் எச்சரிக்கை விட்டால் பெத்தகானைப் பயணத்தை அடுத்த நாளுக்கு மாற்றுவோம், நாகலகம் தெருவுக்குப் பஸ்ஸிலேயே போய் வருவோம். நீர்மட்டம் 4 அடியைத் தாண்டினால் ஆற்றங்கரைக்கு யாரையும் இறக்கமாட்டோம். குடையைவிட மழைக்கோட்டு நல்லது, காற்றில் குடை நிற்காது. தோல் சப்பாத்தை யாழ்ப்பாணத்திலேயே விட்டுவிட்டு இரண்டு சோடி றப்பர் செருப்புக் கொண்டுவாருங்கள். ஒரு சோடி எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும்.